ராயபுரத்தை விட்டுவிட்ட விளம்பரம்

நடந்தது இதுதான்:

1. ஒரு கப்பல் வேலை விளம்பரம் எங்களிடம் ஒப்புதலுக்கு வந்தது.
2. அதில் குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.
3. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளம்பரங்களைச் சரிபார்க்கும் ஜெரால்டு, அந்த வேலைக்குத் தானே போவதென்று முடிவு செய்தான்.
4. நான் அந்த விளம்பரத்தை நிறுத்திவைத்தேன். காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.
5. சனிக்கிழமை காலை ஜெரால்டு தன் ஒரிஜினல் சான்றிதழ்களோடு வீட்டிலிருந்து கிளம்பினான்.
6. பிற்பாடு எங்கள் குழு கலைக்கப்பட்டது. இதற்கும் மேலே உள்ள ஐந்துக்கும் தொடர்பு கிடையாது.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயதில்லை. நான் செய்த வேலைதான் ஓய்வு பெற்றது. இப்போது அங்கே விளம்பரங்களை ஒரு மென்பொருள் பார்க்கிறது. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள இரண்டு புதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் போன மாதம் செய்தி அனுப்பினாள்: “அக்கா, நீங்கள்லாம் எப்படிப் பாத்தீங்க? எழுதிக் குடுங்களேன்.” அவளுக்காக எழுதத் தொடங்கியது இப்படி நீண்டுவிட்டது.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கைபேசியில் செய்தி படிக்கும்போது நடுநடுவே விளம்பரம் வருகிறதல்லவா? அந்த இடங்களை மொத்தமாக வாங்கி விளம்பரதாரர்களுக்குக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். கடைக்காரர், கல்லூரிக்காரர், டாக்டர், யார் வேண்டுமானாலும் இணையத்தில் விளம்பரத்தை ஏற்றலாம். அது மக்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் ஒரு ஆள் பார்த்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். வடசென்னைக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வரும் விளம்பரங்களை நாங்கள் பார்த்தோம். அலுவலகம் ராயபுரத்தில், ஒரு பழைய கிடங்கின் மாடியில். நான் படித்தது மின்னணுவியல். பயிற்சி என்று ஒன்று நடந்தது. விதிகளைப் படித்தோம், பழைய விளம்பரங்களைப் பார்த்தோம், தேர்வு எழுதினோம். அதைப் பற்றி அவ்வளவுதான்.

ஒரு விளம்பரத்தில் ஐந்து பகுதிகள் இருக்கும்: படம், வாசகம், அழுத்தினால் திறக்கும் பக்கம், கொடுப்பவரின் பெயரும் ஆவணங்களும், யாருக்குக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு. எல்லோரும் படத்திலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். முதல் நான்கும் நம்மிடம் சொல்லப்படுபவை. ஐந்தாவது கணினிக்கு இடப்படும் கட்டளை. எங்களிடம் பொய் சொல்லலாம். கணினியிடம் பொய் சொன்னால் அது அப்படியே செய்துவைக்கும், நஷ்டம் சொன்னவருக்குத்தான். ஆகவே அந்த ஐந்தாவது இடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.

எங்கள் மேலாளர் சுகந்தி மேடம். வியாசர்பாடிக்காரர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கும் கவுண்டரில் இருந்தவர். அவர் யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நின்றதில்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். விளம்பர வாசகத்தை ரேஷன் கடை அறிவிப்பு வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல் சத்தமாக வாசிப்பார். “முப்பதே நாளில் முடி வளரும். நடிகைகள் பயன்படுத்தும் ரகசியம். இன்றே கடைசி.” அந்தக் குரலில் கேட்டால் பாதி விளம்பரங்கள் தாமாகவே செத்துவிடும். முடிவை மட்டும் அவர் சொல்லமாட்டார். “உன் பேருலதான் போவப் போவுது. நீ சொல்லு” என்று கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைப்பார். நாம் சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார்.

நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். விதி எண்ணைப் போட்டால் மட்டும் அவருக்குப் போதாது. “அந்தாளோட அம்மா படிச்சாலும் புரியணும். எழுது” என்பார்.

அஞ்சலை அக்காவின் விளம்பரம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. காசிமேட்டில் மீன் வாங்கி வீடுகளுக்கு அனுப்புகிறவர். வெட்டிய வஞ்சிரத் துண்டுகளைப் படமெடுத்துப் போட்டிருந்தார். எங்கள் தானியங்கி வடிகட்டி அதை ‘ரத்தக் காட்சி’ என்று தடுத்துவிட்டது. தொலைபேசியில் அழைத்து விளக்கினேன்.

“படத்துல ரத்தம் தெரியுதாம் அக்கா.”

“மீனுக்குள்ள ரத்தம் இல்லாம ரோஸ்மில்க்கா கீது?”

“கழுவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்களேன்.”

“கழுவுன துண்டக் காட்னா பழசுன்னு நெனச்சிப்பாங்கமா. ரத்தம் தெரிஞ்சாதான் புதுசு. நீ மீனே வாங்கனதில்லியா?”

வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தி மேடம், “முழு மீனா வெச்சு எடுக்கச் சொல்லு. கண்ணு தெளிவா இருந்தா புதுசுன்னு தெரிஞ்சிடும்” என்றார். மறுநாள் படம் வந்தது. முழு வஞ்சிரத்தைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலை அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். ஒப்புதல் கொடுத்தேன். உண்மையைக் காட்டிய படம் விதியில் தோற்றதை அன்று பார்த்தேன். அதற்கு நேர்மாறான ஒன்றும் வரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெரால்டுக்கும் தோன்றவில்லை.

ஜெரால்டு ராயபுரத்துப் பையன். இயந்திரவியல் டிப்ளமோ. அவன் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டியவர், இப்போது இல்லை. அம்மாவும் அவனும்தான். மென்பொருள் வரப்போகிறது என்று அலுவலகத்தில் பேச்சு அடிபடத் தொடங்கியதிலிருந்து அவன் மத்தியான சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் கப்பல் வேலை விளம்பரம் வந்தது.

வரிசையில் என் பெயருக்கு வந்ததை அவன் எட்டிப் பார்த்தான். சுகந்தி மேடம் வழக்கம்போல நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வாசித்தார். “கப்பலில் இயந்திரப் பிரிவுப் பணி. பயிற்சி உண்டு. தேர்வு உண்டு. வேலைக்கு உத்தரவாதம் தர இயலாது. உங்கள் அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.”

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எங்க கவுண்டர்ல இப்படி ஒண்ணு வந்திருந்தா எழுந்து நின்னு கும்புட்டிருப்பேன்” என்றார்.

அழுத்தினால் திறந்த பக்கமும் அப்படியே இருந்தது. பயிற்சி நிறுவனத்தின் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி எண், பாடத்திட்டம், புகார் செய்ய வேண்டிய இடம், எல்லாம் இருந்தன. அருகிலுள்ள மையத்தைக் காட்டுவதற்காக நம் இருப்பிடத்தைக் கேட்டது, கொடுத்தேன். ஆவணங்களும் சரியாகத்தான் இருந்தன. பிறகுதான் ஐந்தாவதைத் திறந்தேன். அன்று மேடம் பக்கத்தில் இருந்ததால் வரிசை மாறிப்போயிருந்தது.

வரைபடத்தில் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, புளியந்தோப்பு என்று எல்லாம் நீல நிறத்தில் இருந்தது. நடுவே உளுந்து வடைபோல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை ராயபுரமும் அதை ஒட்டிய பகுதிகளும். ‘இங்கே காட்ட வேண்டாம்’ என்று கட்டளை.

கப்பல் வேலைக்கு ஆள் தேடுகிறவர் ராயபுரத்தை விடுவதென்றால், சம்பந்தி வீட்டை மட்டும் விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைப்பதற்குச் சமம். வரைபடத்தைப் பெரிதாக்கினேன். வட்டத்தின் மையப்புள்ளி எங்கள் அலுவலகத் தெருவில் விழுந்தது.

“இன்னா தேனு, அதையே பாத்துகினு கீற?” என்றான் ஜெரால்டு.

காட்டினேன்.

“ராயபுரத்துல போட்டா கூட்டம் அள்ளும்னு வுட்டுட்டு இருப்பான்.”

“மையம் நம்ம ஆபீஸ்டா.”

“ஆபீஸ் ராயபுரத்துல கீது. ஓட்டை ராயபுரத்துல கீது. நடுவுல நாம இல்லாம பின்ன எவன் இருப்பான்?”

நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது. ‘ராயபுரம் இல்லை’ என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அடுத்த சில நாட்களில் விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் மாற்றி ஆள் மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பெரிய வாடிக்கையாளர், பல மாதங்கள் ஓடப்போகும் விளம்பரம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜெரால்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் டப்பாவைத் திறக்கவேயில்லை.

“ஒண்ணு சொல்றேன், கத்தாத. நான் அந்த நம்பருக்குப் பேசிட்டேன். நாளைக்கு வரச் சொல்லிக்கீறாங்க. மணலில.”

“என்ன எடுத்துட்டு வரச் சொன்னாங்க?”

“பாஸ்போர்ட், டிப்ளமோ, மார்க் ஷீட்டு.”

“ஜெராக்ஸா?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “ஒரிஜினல். பாத்துட்டு அப்பவே குடுத்துடுவாங்களாம்.”

“யாருகிட்டயும் குடுக்காதன்னு அவங்க பக்கத்துலயே போட்டிருக்கு.”

“அதான் சொல்றேன். அப்படிப் போடறவன் ஏமாத்துவானா? எவ்ளோ விளம்பரம் பாத்துக்கீறேன், ஒருத்தனாவது இப்படி எழுதிக்கீறானா? அதுல ஒரு விதி மீறல் காட்டு, நான் போவல.”

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வேறு யாராக இருந்தாலும் சம்பளம் எவ்வளவு, எந்தக் கப்பல் என்று கேட்டிருப்பார்கள். ஜெரால்டு விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். நாள் முழுக்க விதியை மீறும் விளம்பரங்களையே பார்த்துப் பார்த்து, விதிக்குள் அடங்கிய ஒன்றைக் கண்டதும் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் எங்களுக்காகவே எழுதப்பட்டதாக இருந்தால் அது எங்களைத்தான் முதலில் மயக்கும்.

ஒரிஜினல் கைமாறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டால் ஆளையே பிடித்துவைத்த மாதிரி. வேறு வேலைக்கும் போக முடியாது, திரும்பக் கேட்டு நடையாய் நடக்க வேண்டும்.

எங்களிடம் ‘வெளி போன்’ என்று ஒன்று இருந்தது. பின்பக்கம் விரிசல் விட்ட பழைய கைபேசி, சாதாரண சிம். சில பேர்வழிகள் எங்கள் அலுவலக இணைப்பை அடையாளம் கண்டு, எங்களுக்கு ஒரு பக்கமும் மக்களுக்கு வேறு பக்கமும் காட்டுவார்கள். அதற்காக, சந்தேகம் வந்தால் வெளி போனை எடுத்துக்கொண்டு கீழே போய்த் திறந்து பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. கப்பல் விளம்பரத்தையும் அப்படிப் பார்த்தாயிற்று. ஒரே பக்கம்தான். ஆனால் கீழே என்பது எதிர் டீக்கடை. எத்தனையோ முறை நாங்கள் எல்லோரும் அந்த டீக்கடை வரைதான் போயிருக்கிறோம். டீக்கடையும் வடை ஓட்டைக்குள்தான் இருந்தது.

சுகந்தி மேடத்திடம் போய் வெளி போனை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“தொலைச்சின்னா உன் தலைதான். திங்கக்கிழமை காலைல நீ ஒண்ணும் கொண்டு வரலைன்னா நானே ஒப்புதல் குடுத்துடுவேன். கீழ இருந்து வந்து உயிர எடுக்கறாங்க.”

என் வீடு திருவொற்றியூரில். மாலை ராயபுரம் நிலையத்தில் ரயில் ஏறினேன். ஒவ்வொரு நிலையத்திலும் பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன். வண்ணாரப்பேட்டையில் பதிவு எண், பாடத்திட்டம், புகார் முகவரி. கொருக்குப்பேட்டையிலும் அதே. தண்டையார்பேட்டையில் திரை ஒரு கணம் வெள்ளையாகி, வேறொன்று வந்தது.

சிவப்பு எழுத்து. ‘கப்பல் கிளம்புகிறது. சில இடங்களே மீதம். நேரில் வரவும். ஒரிஜினல் பாஸ்போர்ட், ஒரிஜினல் சான்றிதழ் கட்டாயம். நகல் ஏற்கப்படாது.’ கீழே மணலியில் ஒரு லாட்ஜின் பெயரும் அறை எண்ணும். பயிற்சி நிறுவனத்தின் பெயர் எங்கேயும் இல்லை. எங்களுக்குப் பயந்து ராயபுரத்தில் நல்ல பக்கத்தைத்தான் காட்ட வேண்டும், அங்கே விளம்பரம் போடுவது அவர்களுக்குக் காசு தண்டம்; அதனால்தான் அந்த ஓட்டை.

படம் பிடித்து ஜெரால்டுக்கு அனுப்பினேன். நான் வீடு சேர்ந்த பிறகு பதில் வந்தது: ‘இது வேற பக்கம். லிங்க் மாத்தி அமுக்கிட்ட. நான் இப்ப வூட்ல தொறந்து பாத்தேன், நல்லாதான் கீது.’ அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவன் வீடு ராயபுரத்தில். அங்கே உட்கார்ந்து எத்தனை முறை திறந்தாலும் நல்லதுதான் தெரியும். அவனுக்கு எதையும் காட்ட வேண்டுமென்றால் அவனை அங்கிருந்து நகர்த்த வேண்டும்.

அவன் அம்மாவை அழைத்தேன். ரோஸ்லின் ஆன்ட்டிக்கு என்னைத் தெரியும், கிறிஸ்துமஸ் கேக் கொடுத்து அனுப்புவார். சுருக்கமாகச் சொன்னேன்.

“போவ வேணாம்னு சொல்லல ஆன்ட்டி. மணலிக்கு இந்த வழியாத்தான் போவணும். தேரடில ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க.”

“நிப்பான். நிக்கலைன்னா நான் எறங்கிடறேன்.”

“நீங்களும் போறீங்களா?”

“பின்ன? ஒரிஜினல அவன் கைல குடுத்து அனுப்புவனா? பஸ் பாஸையே ரெண்டு தடவ தொலைச்சவன்.”

சனிக்கிழமை காலை திருவொற்றியூர் தேரடியில் நின்றேன். வண்டி வந்தது. பின்னால் ஆன்ட்டி, மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு, அதன்மேல் இரண்டு கைகள். ஜெரால்டு பளிச்சென்று சட்டை போட்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“சீக்கிரம் தேனு. லேட்டாவுது.”

“உன் போன்லயே தொற. என்னுது வேணாம்.”

ராயபுரத்தில் சேமித்துவைத்திருந்த அதே இணைப்பை அவனே அழுத்தினான். திரை வெள்ளையானது. சிவப்பு எழுத்து வந்தது. அவன் மூடிவிட்டு மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் அதுவே.

ஆன்ட்டி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “காலைல வூட்ல காட்னது இது இல்லியேடா.”

ஜெரால்டு ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். பிறகு அந்த எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். அவன் குரல் எங்கள் விளம்பரதாரர்களிடம் பேசும் அதே குரலாக மாறியிருந்தது.

“சார், இன்னைக்கு வரேன்னு சொல்லியிருந்தேன். ஒரிஜினல் வீட்ல இருக்கு. ஜெராக்ஸ் கொண்டு வந்து காட்டலாங்களா?”

“ஒரிஜினல் இல்லாம வராத தம்பி.”

“பாத்துட்டு அப்பவே குடுத்துடுவீங்கன்னு சொன்னீங்களே சார்.”

“அது கப்பல் ஏறுற வரைக்கும் ஆபீஸ்லதான் இருக்கும். வேணும்னா வா, இல்லைன்னா வுடு.” இணைப்பு அறுந்தது.

ஆன்ட்டி கோப்பை மார்போடு சேர்த்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். “உங்கப்பா கப்பல்லயே ஏறாம காலம் பூரா கப்பல் சரக்கு எறக்குனாரு. நீ கப்பலயே பாக்காம லாட்ஜுல ஏறப் பாத்த” என்றார். ஜெரால்டுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. “பேஜாருமா” என்று மட்டும் சொன்னான். டீ குடிக்கலாம் என்றேன். நான் சாதாரணமாகக் காலையில் டீ குடிப்பதில்லை. அன்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

அங்கிருந்து மூவரும் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். இரண்டு பக்கங்களின் படங்களையும் லாட்ஜ் பெயரையும் இணைத்தேன். மாலையில் போலீஸ் போய்ப் பார்த்தபோது அறை காலியாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் வழியாக அந்த விளம்பரம் ஒருவருக்கும் போகவில்லை, அது உறுதி. வேறு வழிகளில் பார்த்து ஏற்கெனவே சான்றிதழைக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் என் நிம்மதி முழுமையாகாமல் நிற்பது அந்த இடத்தில்தான்.

திங்கட்கிழமை காலை காரணக் கட்டத்தை நிரப்பினேன். “நீங்கள் எங்களுக்கு ஒரு பக்கமும் மற்றவர்களுக்கு வேறு பக்கமும் காட்டுகிறீர்கள். இரண்டையும் பார்த்தோம்.” சுகந்தி மேடம் அதை ரேஷன் கடைக் குரலில் வாசித்துவிட்டு, “அம்மாவுக்கும் புரியும்” என்றார். அன்றிலிருந்து வெளி போன் தினமும் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நடைமுறையை மாற்றினார். ஒருநாள் எண்ணூர், ஒருநாள் புளியந்தோப்பு. அலுவலகத்தில் விஷயம் பரவாமலா இருக்கும்?

“இன்னா மாமு, கப்பல் கெளம்பிடுச்சா?”

“லாட்ஜுலயே நங்கூரம் போட்டுட்டாங்க மாமு. நீ போய் ஏறிக்கோ” என்றான் ஜெரால்டு. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

மென்பொருள் வந்தது, குழு கலைந்தது. வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். பார்ப்பதையெல்லாம், இது எனக்காகக் காட்டப்படுவதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு களைப்பு என்பது அதை விட்ட பிறகுதான் தெரிந்தது.

கேட்ட பெண்ணுக்கு என் பதில் இது. உங்கள் மென்பொருள் எந்த இடத்திலிருந்து விளம்பரத்தைத் திறக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்த இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால், அது எங்கள் டீக்கடை.

இப்போது நிலவரம்: சுகந்தி மேடம் வேறொரு நிறுவனத்தில் இதே வேலையைப் பார்க்கிறார். ஜெரால்டு, பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகில் இயந்திரப் பிரிவில் இருக்கிறான். அந்த வேலைக்கு நகல்களைத்தான் கொடுத்தான். ஒரிஜினல்களை அதிகாரி பார்க்கும்வரை ஆன்ட்டி எதிரில் உட்கார்ந்திருந்து, பார்த்து முடித்ததும் வாங்கிக்கொண்டு வந்தார். அவை ராயபுரத்தில் அவருடைய பீரோவில் இருக்கின்றன. நான் மணலியில், ஆலைகளிலிருந்து வரும் அழுத்தமானிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். அவற்றை எந்த ஊரில் வைத்துப் படித்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. காட்டாதவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.